ராணி வெட்டிய குளம்

பழைய அரண்மனையில் பதினெட்டு வருஷமாக வழிகாட்டியாக இருந்தவருக்கு, உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் பீரங்கி. மைக் வேண்டாம், தர்பார் மண்டபத்தின் ஒரு கோடியில் நின்று பேசினால் மறு கோடியில் படமெடுத்துக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்ப்பார். தலைநகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கோட்டை வாசல், மணிக்கூண்டு, அருங்காட்சியகம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்கியாக வேண்டும். மண்டபத்துக்கு வரும்போதே பாதிப் பேருக்குக் கால் கடுக்கத் தொடங்கிவிடும். அவர்களைச் சிரிக்க வைக்க அவரிடம் ஒரு சரக்கு இருந்தது.

அன்றும் ராணியின் மாடத்துக்குக் கீழே நின்று அதை அவிழ்த்துவிட்டார்.

"ராஜா தனக்குன்னு எதுக்கு இங்கேருந்து அவ்வளவு தள்ளி இன்னொரு அரண்மனை கட்டினாருன்னு நினைக்கிறீங்க? ராணியம்மா வாய்க்குப் பயந்துதான்! எங்க வீட்டுலயும் அதே கதைதான். ராஜா அரண்மனை கட்டினாரு. நான் பாவம், தினமும் இங்க வந்து ஒளிஞ்சிக்கிறேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கும்போதுதான் தூணோரமாகத் தன் மனைவி நிற்பதைப் பார்த்தார். பக்கத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த மைத்துனி, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அரண்மனைப் பக்கம் வந்ததே இல்லை. "எங்க ஓடிப் போகுது, அங்கதானே இருக்கு" என்பாள். இன்றைக்குத் தங்கை பிடிவாதம் பிடித்ததில், சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார்கள்.

மற்ற பயணிகளைப் போலவே அவளும் கையை உயர்த்தினாள். "ஒரு சந்தேகம் கேக்கலாமா சார்?"

"கேளுங்க." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அந்த ராணி வாயாடின்னு எங்க எழுதியிருக்கு?"

கேலியும் இல்லை, கோபமும் இல்லை. முகவரி சரியில்லாத கவரைக் கவுன்ட்டரில் திருப்பி நீட்டும்போது இருக்குமே, அந்தக் குரல். ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை.

"எங்கயும் எழுதல" என்றார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானா கட்டிவிட்டது. அந்த அம்மாவைப் பத்திக் கல்வெட்டுல ஒரே ஒரு வரிதான் இருக்கு. மழை இல்லாம போன ரெண்டாவது வருஷம், வடக்கு மதிலுக்கு வெளியே ஒரு குளம் வெட்டினாங்க. அவ்வளவுதான். பேருகூட இல்ல."

"குளம் இப்பவும் இருக்கா?" தொப்பி போட்ட ஒரு பயணி கேட்டார்.

"இருக்கு. யாரும் போறதில்ல."

"போலாமே!"

பாதிப் பேர் சிம்மாசனத்தோடு படமெடுக்கப் போய்விட்டார்கள். மீதிப் பேரை வாகன நிறுத்தத்தின் பின்பக்கமாகக் கூட்டிப் போனார். அவரே அங்கே போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். பச்சைத் தண்ணீர், தேய்ந்த கல்படிகள். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் சொல்ல அவரிடம் கைவசம் ஒன்றும் இல்லை. 

"மாமா, இதை ஏன் யாருக்கும் காட்டாம வச்சிருந்தீங்க?" என்றாள் மைத்துனி.

சாயங்காலம் மைத்துனியை ரயிலேற்றிவிட்டு வந்தபின், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார்.

"பதினெட்டு வருஷமாவா?"

"ஜனங்க சிரிக்கணுமேன்னு..."

"சிரிச்சிட்டுப் போகட்டுங்க. எனக்கு வருத்தம் அது இல்ல." மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள். "அங்க என்னமா பேசுறீங்க! வீட்டுல நான் நாலு வார்த்தை கேட்டா ஒரு 'ம்' வருது. இவ்வளவு பேச்சு உங்ககிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது."

 அவர் ஒரு போர்வையின் இரண்டு முனைகளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அந்தக் கல்வெட்டு எங்க கிடைச்சுது தெரியுமா?" என்றார் மெல்ல. "ஒரு வீட்டுல துணி துவைக்கிற கல்லா கிடந்துச்சு."

"அய்யய்யோ! யாரு பார்த்தா?"

சொல்ல ஆரம்பித்தார்.

மறுநாளிலிருந்து அந்த நகைச்சுவையை விட்டுவிட்டார். கால் கடுத்த கூட்டம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது, பழைய சரக்கு நுனிநாக்கு வரை வரத்தான் செய்யும். விழுங்கிக்கொண்டு, குளத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்பார். ஐந்தாறு பேர் வருவார்கள். சில நாள் ஒருவரும் வருவதில்லை.