மாப்பிள்ளை கை காட்டிய அன்று

கீழே எழுதியிருப்பதில் ஒரு வரி பொய் என்றாலும் என் மூக்குக்கண்ணாடி சுக்குநூறாகப் போகட்டும். போன மாதம்தான் புதிதாக மாற்றியது. விளையாட்டுக்கு அதன் மேல் சத்தியம் செய்கிற ஆள் நானில்லை.

என் தங்கை புருஷன் டிராஃபிக் போலீஸாக இருந்தவர். நாற்சந்தி நடுவில் நின்று காலமெல்லாம் லாரிப் புகையைக் குடித்தார். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். புகை ஓய்வு பெறாமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அவர் இருமினால் பக்கத்து வீட்டுக் கார் தானாகவே அலறும். மனுஷருக்கு உலகத்தில் இருந்த ஒரே பெருமை அவருடைய வலது கை. நீட்டி உள்ளங்கையைக் காட்டினால் எதுவும் நின்றுவிடும். ஒருமுறை மழை நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

மூச்சு ரொம்ப முட்ட ஆரம்பித்ததும், நெஞ்சு டாக்டரம்மா வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னப் பந்து உண்டு. குமிழைத் திருகினால் பந்து ஏறும். ஒன்று என்ற கோட்டைத் தாண்டவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. ஐந்து வரைக்கும் கோடு போட்டுவிட்டு ஒன்றில் நிற்கச் சொன்னால் என்ன நியாயம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். தங்கை குளிக்கப் போன நேரத்தில் பந்தை உச்சிக்கு ஏற்றி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பந்து ஏற, மாப்பிள்ளைக்குத் தூக்கம் ஏறியது. காலையில் எழுந்தால் தலைவலி. டீயை உறிஞ்சிக்கொண்டே உறங்குவார். ஒருநாள் தும்மல் வந்து வாயைத் திறந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மிச்சத் தும்மல் சாயங்காலம்தான் வந்தது. முகம் மட்டும் தளதளவென்று சிவந்திருந்தது. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷர் இப்படிச் சேர்ந்தாற்போல் குற்றம் கண்டுபிடிக்காமல் இருந்ததே இல்லை, மெஷின் என்றால் இதுதான் மெஷின் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எனக்குத்தான் உறுத்தியது. என்னைப் பார்த்து லைசென்ஸ் கேட்டார். பழக்கதோஷம் என்று எடுத்துக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்து நிதானமாகப் படித்துவிட்டு, மீசை வைத்த என்னைப் பார்த்து, "சரி, நீங்க போகலாம்மா" என்றார்.

காற்றாட இருக்கட்டும் என்று அவரை வாசல் கேட் பக்கம் உட்கார வைத்தோம். மூக்குக் குழாய் அதுவரை நீளும். ஆளை விழித்திருக்க வைக்க வேண்டுமே என்று லேசாகச் சீண்டினேன்.

"இப்பெல்லாம் உங்க கைக்கு ஒரு ஈகூட நிக்காது, மாப்பிள்ளை."

"பாக்கறீங்களா, மச்சான்?"

கை நீண்டது. உள்ளங்கை நிமிர்ந்தது. வந்துகொண்டிருந்த பஸ் கிறீச்சென்று நின்றது. அடுத்த நொடி அந்தக் கை மணிக்கட்டோடு தொப்பென்று மடங்கி விழுந்தது. பஸ் கிளம்பியது. கை மறுபடி நிமிர்ந்தது. பஸ் நின்றது. நில், வா, நில், வா என்று கை பறவைச் சிறகு மாதிரி அடித்துக்கொள்ள, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே தாளத்தில் தலையாட்டினார்கள். பின்னால் வண்டிகள் அடுத்த ஊர் வரை நின்றன. வரிசையின் கடைசியில் ஒரு குழந்தை நடக்கவே கற்றுக்கொண்டதாகக் கேள்வி.

பஸ்ஸுக்குப் பின்னால் இருந்த காரில் நம் டாக்டரம்மா. எல்லாரும் ஹாரன் அடிக்க, அவர் மட்டும் அந்தக் கையையே பார்த்தார். காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க. வண்டிய நிறுத்துற மாதிரியே."

இரண்டும் அடித்துக்கொண்டன.

"மெஷின எத்தனையில வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுல."

"கை வேற சொல்லுதே."

தங்கை உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் துண்டு இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. அஞ்சு என்றாள். டாக்டரம்மா பந்தை ஒன்றுக்கு இறக்கிவிட்டு விளக்கினார். தேய்ந்த நெஞ்சுக்கு அளவு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் கெட்ட காற்று வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்துகொள்ளும். முதலில் தூக்கம் வரும், பிறகு கை இப்படி மடங்கும், அதற்கும் பிறகு ஆள் எழுந்திருக்க மாட்டார்.

"நல்லா தூங்குறாரேன்னு சந்தோஷப்பட்டேன், டாக்டர்" என்றாள் தங்கை.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட காற்று கழுத்து வரை வந்திருந்தது. முகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஒரு மாஸ்க் போட்டு, மெஷின் மூச்சைத் தள்ளினால்தான் அது வெளியேறும், இல்லாவிட்டால் தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டும், அதற்கு இவர் உடம்பு தாங்குமா என்பது சந்தேகம் என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். தான் மூச்சு விட ஒரு மெஷின் விசில் ஊதுவதா என்று அந்த அரைத் தூக்கத்திலும் ரோஷம்.

நர்ஸ் மாஸ்க்கோடு மறுபடி வந்தாள். மாப்பிள்ளை கையை நீட்டினார். நர்ஸ் நின்றாள். மின்விசிறி நின்றது. அடுத்த கட்டில்காரரின் விக்கல் நின்றது. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கை மடங்கியது. நர்ஸ் ஓரடி வைத்தாள். நிமிர்ந்தது, நின்றாள். மடங்கியது, இன்னும் ஓரடி. இப்படியே கட்டில் வரை வந்து, கடைசியாகக் கை விழுந்தபோது மாஸ்க்கை மாட்டிவிட்டாள். மாப்பிள்ளை மறுப்புச் சொல்லவில்லை. கை இறங்கினால் வண்டி போகலாம் என்பது அவரே கட்டிக்காத்த விதி.

விடியும்போது கை ஆடாமல் நின்றது. மாஸ்க்கைக் கழற்றி அவருக்கு டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தங்கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் ஒரு டீயா? ஆறி அவலாப் போச்சு."

தங்கை சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். அதற்குப் பிறகு பந்து ஒன்றைத் தாண்டியதில்லை, அவர் வாயும் ஓய்ந்ததில்லை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இதையும் சொல்லிவிடுகிறேன்: என்னைப் பெற்றவர்களுக்கு நான் ஒரே பிள்ளை.