அண்ணிக்கு நான் எடுத்த பாடம்

ஆஸ்பத்திரி துணி அறையில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் நான், மறுமுனையில் அண்ணி. ஆறு மாதமாகக் கையோடு எங்கள் வாயும் வேலை செய்தது. நான் ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொல்வேன். விரிப்பின் நுனிகள் சேர்வதற்குள் அவள் அதன் குடும்பம் முழுவதையும் ஒப்பிக்க வேண்டும்.

“கேர்.”

“கேர்ஃபுல், கேர்லெஸ், கேர்ஃபுலி...”

“இன்னும் இருக்கு. முழிக்காத, சொல்லு.”

ஊழியர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தும் இடைநிலை ஆங்கிலத் தேர்வில் கோடிட்ட இடமும் பக்கத்தில் ஒரு சொல்லும் தருவார்கள். அந்தச் சொல்லை வாக்கியத்துக்குத் தக்கபடி மாற்றி எழுத வேண்டும். தேறினால் வார்டு கிளார்க் வேலை. நாற்காலி, மேசை, தலைக்கு மேல் மின்விசிறி. நாற்பது வயது முடிவதற்குள் எழுதியாக வேண்டும் என்பதால் எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கிழிந்த தலையணை உறைகளில், துணிக்கு வார்டு எண் போடும் அழியாத மையால் சொற்களை எழுதி அலமாரிக் கதவுகளில் தொங்கவிட்டேன். அண்ணிக்கு முதலில் ஒரு மண்ணும் ஏறவில்லை. “எனக்கெதுக்கு இந்தத் தலைவலி?” என்று மூக்கால் அழுதவளை விடாமல் பிடித்துப் படிக்க வைத்தது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று நிர்வாகத்திலிருந்து தாள் வந்தது. பிரிவுக்கு ஒருவர்தான் எழுதலாம், பெயரை மேற்பார்வையாளர் தர வேண்டும் என்றிருந்தது. துணி அறைக்கு மேற்பார்வையாளர் என் அண்ணன். எனக்குக் கவலையே இல்லை. மாதிரித் தேர்வில் நான் முப்பதுக்கு இருபத்தெட்டு, அண்ணி பதினாறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இன்று காலை அறிவிப்புப் பலகையில் அண்ணியின் பெயர் ஒட்டியிருந்தது. அவள் என் பக்கமே திரும்பாமல், எண்ணி வைத்த துண்டுகளையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நீ கேட்டியா அண்ணி?”

“நான் ஏன் கேக்கப் போறேன்? அவராதான் எழுதினாரு.”

“வேண்டாம்னு சொன்னியா?”

அவள் துண்டுகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அண்ணன் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். அவன் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான்.

“நீ கெட்டிக்காரி. எப்ப எழுதினாலும் பாஸ் பண்ணிடுவ. அவளுக்கு இப்பதான் மண்டையில நிக்குது, விட்டா மறந்துடுவா. நீ அடுத்த வருஷம் எழுதேன். பரீட்சை வரைக்கும் அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடு, என்ன?”

கெட்டிக்காரியாக இருந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா!

“அடுத்த மாசம் எனக்கு நாப்பது முடியுது அண்ணா. உனக்கும்தான். ஒரே வயித்துல ஒண்ணாக் கிடந்து, பத்து நிமிஷம் முன்னாடி பொறந்தவன் நீ. மறந்துட்டியா?”

மறந்திருந்தான் என்றால்கூட மன்னித்திருப்பேன்.

“மறக்கல,” என்றான், தலையைத் தூக்காமல். “ஆனா நான் அவகூடதானே வீட்டுக்குப் போகணும்.”