கிழியாத பதாகை

புஷ்பராணிக்கு வலது தோள்மூட்டு கழன்று தரையில் விழுந்துவிடும்போல வலித்தது. அந்தத் தோளுக்கு வயது அறுபத்துமூன்று. பார்த்த வேலையைக் கணக்கெடுத்தால் நூறு சொல்லலாம். நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் விறைக்க விறைக்க நின்று மீன் செதுக்கிய தோள் அது. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரமான கட்டில் விரிப்புகளை உதறிய தோள். அந்த வேலைகளெல்லாம் செய்யாத சேதத்தை இந்த ஒரு கிழமைத் தையல் செய்துவிட்டது.

தைத்தது மருமகனுக்காக. மருமகன் அபிலாஷ் மெல்பேணில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெடியன். வேலைக்கென்று ஒஸ்லோவுக்கு வந்தவன், புஷ்பராணியின் மகள் டிலக்சியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். வரும்போது தன்னுடைய நாட்டு விளையாட்டையும் கூடவே கொண்டுவந்தான். அவுஸ்திரேலியக் காற்பந்து என்று அதற்குப் பெயர். பந்து உருண்டையாகவும் இல்லை, காலோடு நிற்கிற விளையாட்டும் இல்லை. பந்தைக் கையால் பிடிக்கிறார்கள், முஷ்டியால் குத்துகிறார்கள், ஒருவன் முதுகில் மற்றவன் ஏறி நின்று எட்டுகிறான். நான்கு கம்பம் நட்டிருக்கும். நடு இரண்டுக்குள்ளால் அடித்தால் ஆறு புள்ளி. ஓரத்தால் போனால், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று ஒரு புள்ளி.

ஒஸ்லோவில் இதை விளையாடுகிறவர்கள் எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அந்த பஸ்ஸில் முன் சீற்று அபிலாஷுக்குத்தான். அவனைப்போல எம்பிப் பந்தெடுக்க ஆள் இல்லை. ரசிகர்களும் அவனுக்குத்தான் இருந்தார்கள். மற்றவர்களுக்கு மனைவியோ காதலியோ வந்து கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அபிலாஷுக்கு ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள், எல்லோரும் சலவைக்கூடத்து ஆட்கள், மடக்குக் கதிரையும் ஒரு பெரிய பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸுமாக வந்து இறங்குவார்கள். தலைவி புஷ்பராணி. வேலியோரம் நின்று அவள் கத்தினால் எதிர்க்கட்சிக்காரன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

"ஏறு தம்பி, அவன்ரை முதுகிலை ஏறு. உழக்கு அவனை."

இதில் ஒரு விசேஷம் இருந்தது. மைதானத்தில் இப்படிக் கத்துகிறவள், வீட்டில் மருமகனோடு நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றும் இல்லை. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அவள் வளர்ந்த வீட்டில் இருக்கவில்லை, அவ்வளவுதான். சோறு போடும்போது, "பிள்ளை, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமோ எண்டு கேள்" என்பாள். தம்பி மேசைக்கு மறுபக்கம் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். "போதுமாம் எண்டு சொல்லு" என்று அவனும் டிலக்சியிடம் சொல்லப் பழகிவிட்டான். மைதானத்தில் கத்துவதை அவள் கதைப்பதாகக் கணக்கில் எடுக்கவில்லை.

போன வருடக் கடைசியில் அபிலாஷின் முழங்கால் திரும்பிவிட்டது. தூக்குப் படுக்கையில் வைத்து அம்புலன்சில் ஏற்றினார்கள். டொக்டர் இனிப் போதும் என்றார். அவன் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க நிலக்கீழறையில் பாரம் தூக்கி முழங்காலைத் தேற்றி எடுத்தான். ஒரே ஒரு ஆட்டத்துக்காக.

"தூக்கிக்கொண்டு போன மாதிரி முடியக்கூடாதாம் அம்மா" என்றாள் டிலக்சி. "கடைசியா ஒருக்கா விளையாடிப்போட்டுத் தன்ரை காலாலை நடந்து வெளியிலை வரவேணுமாம். வேறை ஒண்டும் வேண்டாமாம்."

புஷ்பராணிக்கு அது நன்றாக விளங்கியது. தொழிற்சாலையை விட்டு வந்த அன்று அவளும் தன் கத்தியைத் தானே கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"அந்த கம்புக்கு ஒரு பெரிய பதாகை வேணும்" என்றாள் மகள். நோர்வேஜிய மொழியில் ஆட்டத்துக்குக் கம்ப் என்று பெயர். "மெல்பேணிலை ரசிகர்தான் அதைச் செய்யிறவையாம். கிறேப் கடதாசியிலை, நீங்கள் பாத்திருப்பீங்கள்தானே. உங்கடை ஆக்களாலை ஏலுமோ?"

"ஏலும்."

பார்த்துத்தான் இருந்தாள். ஒருநாள் அபிலாஷ் சோபாவில் இருந்து தொலைபேசியில் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உடுப்பு மடிக்கிற சாட்டில் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். வீடு உயரத்துக்கு ஒரு கடதாசிப் பதாகை. வீரர்கள் ஓடி வருகிறார்கள். பதாகை டர்ரென்று கிழிகிறது. சனம் ஓவென்று கத்துகிறது. புஷ்பராணிக்கு வயிறெரிந்தது. அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு பதாகையை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவர்கள் இல்லையே, அந்தப் பிள்ளைகள் குனிந்து போகவும் வழியில்லாமல் மோதிக் கிழிக்க வேண்டியதாயிற்றே, சனம் ஊளையிடுகிறதே என்று நினைத்தாள். மருமகனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்தியிருப்பான். கேட்கிற வழக்கம்தான் இல்லையே.

"நாங்கள் செய்தா அந்த மாதிரி மானம் போகாது" என்றாள் கனகம்மாவிடம். கனகம்மா அவளோடு பாட்ஸ்பியோர்டிலிருந்தே ஒன்றாக நின்று முதுகு முறிந்தவள்.

"கடதாசி எண்டெல்லோ பிள்ளை சொன்னவள், ராணி?"

"செப்டம்பர் மழைக்குக் கடதாசி நிக்குமோ அக்கா? என்னட்டைச் சாமான் கிடக்கு."

பல்கனிகளில் வெய்யிலுக்கு இழுத்துவிடுகிற மார்க்கீஸ் துணி அது. கட்டடம் முழுக்கப் புதிதாக மாற்றியபோது குப்பையில் போட்ட பழையதை அவள் தூக்கி வைத்திருந்தாள். மழை, பனி, புறா எல்லாவற்றையும் தாங்கின துணி. அதில் இரண்டு துண்டைச் சேர்த்து, நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டு, ஓரத்துக்கு வார் வைத்து, "நன்றி அபிலாஷ்" என்று தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் எழுத்து வெட்டி ஒட்டினாள். முடிந்ததும் கனகம்மா ஒரு பக்கம், தான் மறுபக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அப்போதுதான் தோள் போனது.

"கடதாசி எல்லாம் சரியோ அம்மா?" என்று டிலக்சி தொலைபேசியில் கேட்டாள்.

"எல்லாம் சரி."

சனிக்கிழமை ஏக்கபேர்க் மைதானத்தில் மழை தூறியது. துரொண்ட்ஹெய்மிலிருந்து எதிர்க்கட்சி வந்திருந்தது. அவர்களும் மரியாதைக்கு இரண்டு வரிசையாக நின்றார்கள். வரிசைக்கு முடிவில் பதாகை விரிந்து நின்றது. ஒரு கம்பை புஷ்பராணியின் புருஷன் வரதராசா பிடித்திருந்தார், மற்றதைக் கனகம்மா.

"என்ன நடந்தாலும் கம்பை விடக்கூடாது" என்றாள் புஷ்பராணி.

"நீர் சொன்னா நான் என்னத்தை விட்டனான்?" என்றார் வரதராசா.

டிலக்சி புள்ளி எழுதுகிற மேசையில் இருந்தாள். அங்கிருந்து பார்க்க, நிறம் வடிவாகத்தான் தெரிந்தது.

அபிலாஷ் முன்னுக்கு ஓடி வந்தான். பின்னால் அவனுடைய ஆட்கள். புஷ்பராணி அவர்கள் வந்து முன்னால் நின்று படம் எடுப்பார்கள் என்று றோல்ஸ் பெட்டியைத் தள்ளி வைத்தாள். ஆனால் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட காரியம் அது. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கையை விரித்து, அப்படியே பாய்ந்தான்.

துணி ஒரு முழம் உள்வாங்கியது. பிறகு வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தது. அபிலாஷ் வந்த வேகத்தில் திரும்பிப் போனான். பின்னால் வந்தவன்மேல் விழ, அவன் அடுத்தவன்மேல் விழ, கட்சி முழுக்க வலையில் அள்ளிக் கொட்டின மீன்மாதிரிப் புல்லில் கிடந்து துடித்தது. வரதராசா ஈரப் புல்லில் சறுக்கிக் குந்திவிட்டார். கம்பை விடவில்லை. கனகம்மா நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை.

இது தமிழர்களுடைய ஏதோ சடங்கு என்று நினைத்து துரொண்ட்ஹெய்ம்காரர் கைதட்டினார்கள்.

புஷ்பராணி முழங்காலைத்தான் பார்த்தாள். அபிலாஷ் எழும்பி நின்றான். கால் சரி. மூக்கால் ரத்தம் கொட்டியது.

டொம்மர், அதுதான் நடுவர், வந்து பார்த்தார். ரத்தம் வடிகிறவன் களத்தில் நிற்கக்கூடாது, சட்டையிலும் ரத்தம் இருக்கக்கூடாது, அது விதி என்றார். ரத்தம் நிற்கும்வரை வெளியில். ஆட்டம் அவன் இல்லாமலே தொடங்கியது.

டிலக்சி ரத்தம் கண்டால் மயங்குகிறவள். புள்ளி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கட்சியில் மாற்று ஆள்கூட இல்லை, இருந்தவர்கள் எல்லோரும் களத்தில். கதிரையில் அபிலாஷ் தனிய இருந்து மூக்கைப் பிடித்து அண்ணாந்தான்.

புஷ்பராணி கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் பார்த்தாள். யாரிடம் சொல்லிச் சொல்லுவிப்பது? பிறகு நேரே போய் அவனுடைய கையைத் தட்டிவிட்டு, மூக்கைத் தன் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தாள்.

"குனியுங்கோ தம்பி. அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ளை போகும்."

அவன் குனிந்தான். இருவரும் அப்படியே இருந்தார்கள். மழை தூறியது. களத்தில் துரொண்ட்ஹெய்ம் ஆறு புள்ளி எடுத்தது.

"மாமி" என்றான் மூக்கடைத்த குரலில். "ஏன் துணியிலை செய்தனீங்கள்?"

"கடதாசி எண்டாக் கிழிஞ்சிடும்."

"கிழியத்தான் வேணும் மாமி. அதுக்குத்தான் கட்டுறது. கிழிச்சுக்கொண்டு உள்ளை வாறதுதான் மரியாதை."

புஷ்பராணி பிடியை விடாமலே குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப உங்கடை ரெலிபோனிலை சனம் கத்தினது?"

"சந்தோசத்திலை."

"நான் ஊளையிடினம் எண்டு நினைச்சன்."

அவன் சிரித்தான். சிரித்ததும் ரத்தம் மறுபடி வந்தது.

"சிரியாதேங்கோ. உங்களுக்கு இண்டைக்குக் காலாலை நடக்கவேணுமோ வேண்டாமோ?"

"முழங்கால் நல்லாக் கிடக்கு மாமி. இனி மூக்காலையே நடக்கப்போறன்?"

"நான் பிடிச்சிருக்கிறன். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கோ."

பத்து வருடத்தில் அவள் அவனோடு நேரே கதைத்தது அவ்வளவும் அந்த ஒரு கதிரையில் நடந்தது. இடைக்கிடை விரலை எடுத்துப் பார்ப்பாள், ரத்தம் எட்டிப் பார்க்கும், மறுபடி இறுக்குவாள். தோள் கொதித்தது. கையை மாற்ற அவளுக்குத் துணிவு வரவில்லை. கனகம்மா அவனுடைய சட்டையைக் கழற்றி வாங்கி, குழாயடியில் பச்சைத் தண்ணீரில் கசக்கிக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்துக்காரியிடம் ரத்தக்கறை என்ன செய்யும்? அபிலாஷ் மழையங்கியைப் போர்த்துக்கொண்டு விறைத்தான்.

"ராணி, உவரை விழுத்தினதும் நீதான், தூக்கிறதும் நீதான்" என்று குழாயடியிலிருந்து கனகம்மா சொன்னாள். "பேசாமல் நீயே உள்ளுக்குப் போய் விளையாடன்."

"நீங்கள் அந்தக் கம்பை விட்டிருந்தா இவ்வளவு வராது அக்கா."

"விடாதை எண்டது ஆர்?"

முதல் கால்பகுதி போனது. இரண்டாவதும் போனது. இடைவேளையில் டொம்மர் வந்து குனிந்து மூக்குக்குள் பார்த்தார், சட்டையைத் திருப்பிப் பார்த்தார், தலையாட்டினார். அபிலாஷ் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான்.

சும்மா சொல்லக்கூடாது, ஓடினான். ஒரு தடவை துரொண்ட்ஹெய்மின் நெடுவல் ஒருவன்மேல் ஏறி நின்று பந்தைப் பிடித்தான். புஷ்பராணி இந்த முறை கத்தவில்லை. அவனுடைய மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பந்தை அவன் நேரே நடுவுக்கு அடித்தான். அது கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அப்படிப் பட்டாலும் ஒரு புள்ளி. அன்று அவன் எடுத்தது அவ்வளவுதான். கட்சியும் தோற்றது.

முடிந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் மறுபடி வரிசையாக நின்றார்கள். இரண்டு பேர் அவனைத் தோளில் தூக்க வந்தார்கள், ஓய்கிறவரைத் தூக்கிக்கொண்டு போவதும் மெல்பேண் வழக்கமாம். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கோட்டைத் தாண்டித் தன்னுடைய காலால் நடந்து வெளியில் வந்தான். கைதட்டல் கனநேரம் கேட்டது. தமிழ்ப் பெண்களின் பக்கமிருந்து இரண்டு குரவை ஒலியும் எழும்பியது. வரதராசா பதாகையைச் சுருட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மழை என்றார்.

அபிலாஷ் நேரே றோல்ஸ் பெட்டியடிக்கு வந்தான். மூக்கு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. டிலக்சி பக்கத்தில் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"மாமி, முழுசா ஒரு ஆட்டம் விளையாட வந்தனான். முதல் பாதி உங்கடை கையிலை போச்சுது."

"பிள்ளை, தம்பிக்குச் சொல்லு" என்று மகளிடம் தொடங்கின புஷ்பராணி நிறுத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"ஓம் தம்பி. அதை நான் உங்களுக்குத் தரவேணும்."

"எப்ப தருவியள்?"

அவள் ஒரு றோலை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கிக் கடித்தபடியே குந்தி இருந்து சப்பாத்தைக் கழற்றினான். அந்தச் சப்பாத்தை அதற்குப் பிறகு அவன் போடவில்லை. கடைசி ஆட்டத்தின் முதல் பாதி ஒன்று புஷ்பராணி அவனுக்குத் தரவேண்டும். இன்னும் தரவில்லை.