தோழரிடமே நின்றிருக்க வேண்டிய வாக்கியம்

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் செய்த ஒரு திருத்தம். ஒரே ஒரு பெயர் மாற்றம். வாரப் பத்திரிகையில் பதினெட்டு வருஷமாகத் தொடர் எழுதுகிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை, பேனா தானாகச் செய்துவிடும். (பேனாவின் மேல் பழி போடுகிறேன், பாருங்கள். நான்தான் செய்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் மழை பிடித்துக்கொண்டபோது—'

வேண்டாம். மழையில் தொடங்கினால் நீங்கள் என்னை மன்னிக்கத் தயாராகிவிடுவீர்கள்.

இரண்டாவது: சேகு தாவூது அறந்தாங்கிப் பக்கத்து மதரஸா ஒன்றில் பன்னிரண்டு வருஷம் ஹதீஸ், அதாவது நபிமொழி, பாடம் நடத்தியவர். என் தொடரில் ஒரு மவுலவி வந்ததால், சந்தேகம் கேட்க அவரிடம் போனேன். பேச்சோடு பேச்சாக, நபித்தோழர் ஒருவரின் சொல் ஒன்றைச் சொன்னார். (அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியது போதும்.)

"இது நபி சொன்னது இல்ல, உதயசூரியண்ணே. தோழர் சொன்னது. அவரோட நிப்பாட்டிக்கணும்."

"ரெண்டுக்கும் அவ்வளவு வித்தியாசமா ஹஜ்ரத்?"

"நபியோட கூடவே இருந்து பார்த்தவங்கண்ணே. ஒரு குர்ஆன் வசனம் எப்ப எறங்குச்சு, எதுக்கு எறங்குச்சு, எல்லாம் அவங்க சொல்லித்தான் நாம வெளங்கிக்கிறோம். அவங்க இல்லாம பாடமே இல்ல. அதுக்காக அவங்க சொன்னத நபி சொன்னதா ஆக்கிட்டா, நல்ல சொல்லா இருந்தாலும் பொய்தான்." பிறகு சிரித்தார். "நீங்க கதைக்காரரு. யார்கிட்ட கேட்டீங்கங்கிறதையாச்சும் மறக்காமப் போட்டுருங்க."

போட்டேன். தோழரின் பெயர் வாசகர்களுக்குப் பழக்கமில்லை, வரியும் இழுத்தது. அத்தியாயத்தின் கடைசி வரியை 'நபிகள் சொன்னார்கள்' என்று தொடங்கிவிட்டேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில்: தகவல் உதவி, மவுலவி சேகு தாவூது.

அவர் சொன்னதில் பாதியைக் கடைப்பிடித்தேன். அந்தப் பாதிதான் அவரைக் கொன்ற— (மிகை. அடித்துவிட்டேன். உயிரோடுதான் இருக்கிறார்.)

3

பத்திரிகை மதரஸா கமிட்டியின் மேசைக்குப் போனது.

"நான் அப்படிச் சொல்லல."

"பேரு அச்சுல இருக்கே ஹஜ்ரத்."

ஹதீஸ் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது போகட்டும். அந்தப் படிப்பில் ஒரு விதி உண்டு. நபியின் பெயரால் தெரிந்தே ஒரு பொய் சொன்னவர் வழியாக வந்த எதையும் எடுக்கமாட்டார்கள். யாரும் சொல்லாமலேயே மாணவர்கள் அவர் நடத்திய பாடங்களை எழுதிய நோட்டுகளை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

4

போன் செய்தார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு கமிட்டி மறுபடி கூடுதுண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வாரேன் ஹஜ்ரத்."

முடிவு அ: போனேன். சந்தேகம் கேட்கப் போன அன்று அவர் பேசியது முழுக்க, குறிப்புக்காக, என் போனில் பதிவாகியிருந்தது. அதை எல்லார் முன்னாலும் வைத்து—

முடிவு ஆ: பத்திரிகையே திருத்தம் வெளியிட்டது. (சிரிக்காதீர்கள், கேட்டுப்பார்த்தேன். "தொடர் நல்லாப் போகுது சார், நீங்களே ஏன் கெடுத்துக்கிறீங்க?" என்றார் உதவி ஆசிரியர் வனிதா. அந்தக் கேள்வி எனக்கு வசதியாக இருந்தது.)

நடந்தது: போகவில்லை. பதிவையும் அன்றைக்கே அழித்தேன்.

5

போன மாதம் விராலிமலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அங்கே ஒரு பள்ளிவாசலில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே என்று அரபி எழுத்து சொல்லித்தருகிறாராம்.

"என்னைத் திட்டிருங்க ஹஜ்ரத்."

"திட்டுனா ஒங்களுக்கு லேசாயிரும். அதுக்கு நான் எதுக்குண்ணே?" பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி கேட்டார்: "இதையும் எழுதுவீங்கள்ல? எழுதுனா, நான் சொன்னத மட்டும் நான் சொன்னதா எழுதுங்க. அம்புட்டுத்தான்."

எழுதிவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. ஆனால் அவர் படிப்பின் விதிப்படி என் சாட்சி செல்லாது. நபியின் பெயரால் பொய் எழுதியவன் நான். இந்தக் கதையில் நீங்கள் படித்த அத்தனையும் என் வழியாக வந்ததுதான்.

முடிவு இ: கமிட்டி மேசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொம்பத் தாமதமாக வாசலில் வந்து நிற்கிறேன். என் பேச்சை எடுத்துக்கொள்வதா என்று நீங்கள்—