அவர்கிட்ட சொல்லுங்க

இரண்டாம் மாடி வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று குடியிருப்பு மேனேஜர் கூப்பிட்டபோதே, அது எந்த வீட்டுக் குழாய் என்று பிளம்பருக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல்வீட்டில் இருப்பவன் அவருடைய மகன். பிளம்பர் தங்கள் மதச் சபையை விட்டு வெளியேறி இரண்டு வருடமாகிறது. விலகிப் போனவர்களோடு சபையார் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இன்னும் சபையிலேயே இருக்கும் மகனும் அவரிடம் பேசியதில்லை.

கதவு திறந்தே கிடந்தது. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். மகன் துண்டைச் சுற்றிக் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மெயின் வால்வு எங்கடா?"

மகன் சுவரைப் பார்த்தான்.

"வீடே மிதக்குது, வாயைத் திறந்து சொல்லேன்!"

மூச்சு வாங்க ஏறி வந்த கீழ்வீட்டம்மாவிடம்தான் வாய் திறந்தான். "பாத்ரூம் கதவுக்குப் பின்னாடின்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"அவருக்கென்ன காது கேக்காதா? இதோ நிக்கிறாரே!"

"சொல்லுங்க, ப்ளீஸ்."

அந்தம்மா சொன்னார். பிளம்பர் வால்வை மூடிவிட்டு வந்து பழைய இணைப்பைக் கழற்றினார்.

"எத்தனை நாளாக் கசியுதுன்னு கேளுங்க."

"பத்து நாளாம்."

"பத்து நாளா வேடிக்கை பார்த்தானாமா?"

"என்னை எதுக்குங்க திட்டுறீங்க?"

பிளம்பருக்கு ஆத்திரம் பொங்கியது. அதை மகன்மேல் கொட்டவும் முடியவில்லை. தன் தம்பி சபையை விட்ட பிறகு பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர் அவர். தெருவில் தம்பி எதிரே வந்த ஒருநாள், "சித்தப்பா!" என்று ஓடப் பார்த்த ஏழு வயது மகனின் கன்னத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பியதும் அவர்தான்.

வேலை முடிந்து எழும்போது முட்டி பிடித்துக்கொண்டது. சுவரில் கையூன்றினார்.

"முட்டியை டாக்டர்கிட்ட காட்டினாரான்னு கேளுங்க," என்றான் மகன்.

"அதை அவனையே கேக்கச் சொல்லுங்க!"

மகனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

"என்ன குடும்பமோ," என்று முணுமுணுத்தபடி கீழ்வீட்டம்மா இறங்கிப் போனார். பிளம்பர் நான்கு படி இறங்கி நின்றார். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் வந்தது உறுத்தியது. திரும்ப ஏறி மணி அடித்தார். உள்ளே காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது.

"காட்டலடா," என்றார் மூடிய கதவிடம். "வலி உயிர் போகுது."

கதவு திறக்கவில்லை. காலடி திரும்பிப் போகவும் இல்லை. பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.