ஆபீசு எங்கிருக்குதுங்க?

இந்தக் காலத்து மனிதர்களுக்கு நேரில் முகத்தைக் காட்டவே முடிவதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடுவதும் போனில், எழவு சொல்வதும் போனில். அதனால் வருமான வரி ஆபீசரே போனில் வந்தபோது நஞ்சுண்டனுக்கு ஆச்சரியம் தோன்றவில்லை.

“தோப்பு வித்த பணத்துக்கு வரி கட்டல. வாரண்ட் போட்டாச்சு. மதியத்துக்குள்ள பணத்தை அரசாங்கக் கணக்குக்கு மாத்தணும். லைனைக் கட் பண்ணாதீங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பேங்க்காரங்களும் கூட்டுக் களவாணிங்கதான்.”

கடைசியாகச் சொன்னதில்தான் அவர் விழுந்தார். பேங்க்காரர்களை அவர் என்றைக்கு நம்பினார்? மனைவி முத்தாத்தாளின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று போட்டு வைத்திருந்த பணம் அது. அவளிடம்கூடச் சொல்லாமல் பேங்க்குக்குப் போகத் தொண்டாமுத்தூர் பஸ் ஏறினார். இடம் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே போனார். லைன் கட் ஆகாத போன் சட்டைப்பையில் சூடாகக் கிடந்தது.

பேங்க் கவுண்டரில் மெர்சி இருந்தாள்.

“ஏனுங்கய்யா, டெபாசிட்டை உடைச்சு மொத்தத்தையும் அனுப்பறீங்களா? யாருக்குங்க?”

“சொந்தக்காரப் பையனுக்கு.” போன்காரன் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார்.

“பேரென்னங்க?”

அவர் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் பார்வை அவர் சட்டைப்பைக்குப் போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வரி ஆபீசுன்னு சொன்னாங்களாங்க?”

இவளுக்கு எப்படித் தெரியும்? கூட்டுக் களவாணியேதான்.

“உம்பட வேலையப் பாரு அம்மணி!”

“பாக்கறேனுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க. ஆபீசு எங்கிருக்குது, நேர்லயே வந்து பணத்தைக் கட்டிப்போட்டு ரசீது வாங்கிக்கறேன்னு.”

அதில் அவருக்குக் குற்றம் தெரியவில்லை. மாடு வாங்கினாலும் விற்கிறவன் முகத்தைப் பார்க்காமல் காசை அவிழ்த்தவரில்லை. போனை எடுத்துக் கேட்டார்.

“அதெல்லாம் வேண்டாம்,” என்றான் ஆபீசர்.

“இல்லீங்க, இப்பவே வாரேன். எங்கீன்னு சொல்லுங்க.”

“யோவ் கிழவா! ஆபீசுப் பக்கம் வந்தே, உள்ள தூக்கிப் போட்டுருவேன்!”

வரி கேட்கிறவன் ஆபீசுக்கு வராதே என்கிறான். நஞ்சுண்டன் லைனைத் துண்டித்தார்.

“வரி பாக்கின்னா நோட்டீஸ் வருமுங்க. போன்ல மிரட்டி வாங்க மாட்டாங்க.” மெர்சி தண்ணீரை நீட்டினாள். “1930க்குப் போன் போட்டுச் சொல்லிரலாமுங்க. சைபர் போலீசு.”

“அவனும் கவர்மெண்டுன்னான். நீயும் போலீசுங்கற.” தண்ணீரைத் தொடவில்லை. “பணம் அப்படியே இருக்குதான்னு பாஸ்புக்குல அடிச்சுக் குடு.”

அடித்துக் கொடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதும் நீ அடிச்சதுதானே,” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.