பாலம்மா வீட்டு முன்னறை

மஹய்யாவ ஊர் ஜெபசபையின் புதுக் கட்டடத்துக்கு மூன்று மாடி, லிஃப்ட், சுவரகலத்துக்கு ஒரு திரை. அதிலெல்லாம் மேபலுக்குச் சந்தோஷம்தான். வாசலில் பதிக்க வந்திறங்கிய கருங்கல்தான் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சபையைத் தொடங்கியவர்கள் என்று அதில் ஆறு பெயர்கள். அந்த ஆறு பேரில் உயிரோடிருப்பவள் அவள் ஒருத்தி, ஆகவே ஞாயிறன்று ரிப்பன் வெட்டப்போவதும் அவள்தான். பாலம்மாவின் பெயரை மட்டும் காணோம்.

“அவங்க ஞானஸ்நானமே எடுக்கலையேம்மா,” என்றான் மகன் றொமேஷ். சபையின் செயலாளர் அவன். “இன்னைக்கும் கோயிலுக்குத்தானே போறாங்க?”

“சபை பொறந்தது அவங்க வீட்டுலதாண்டா!”

முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்திய கதை அது. பாட்டும் ஜெபமும் இங்கே வேண்டாம் என்று மேபல் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு பாலம்மா தன் முன்னறையைத் தந்தாள். இரண்டு பாய், தாளம் தப்பும் ஒரு தபேலா, சுவரில் மாரியம்மன் படம். முதல் நாள் படத்தைப் பார்த்துப் போதகர் தயங்கி நின்றார்.

“ஆத்தாளும் இருந்து கேட்டுக்கட்டுமே, என்ன கொறஞ்சிறப்போவுது?” என்றாள் பாலம்மா. போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதெல்லாம் காணிக்கை பிடி அரிசிதான். சோறாக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து, ஞாயிறன்று கொண்டுவருவார்கள். பச்சரிசி, சம்பா, சிவப்பரிசி எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிப் பாலம்மா கஞ்சி வைப்பாள். பாதி குழைந்திருக்கும், பாதி வெந்தே இருக்காது. இப்போது கொடுக்கிற புரியாணிப் பார்சல் அந்தக் கஞ்சிக்குக் கிட்டவும் வராது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் குடித்ததில்லையே.

சனிக்கிழமை மத்தியானம் மேபல் றொமேஷையும் இழுத்துக்கொண்டு பாலம்மா வீட்டுக்குப் போனாள்.

“கல்ல மாத்தச் சொல்லிட்டேங்கா. நாளைக்கு நீங்க கட்டாயம் வரணும்.”

“கல்லுல பேரு போட்டு நான் என்ன செய்ய? நான் வரல மேபல்.”

“ஏங்கா?”

பாலம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“ஆறாவது வருஷம் மெயின் ரோட்டுல ஹோல் வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் போனீங்களே, அந்த ஞாயித்துக்கெழம நான் வீட்டக் கூட்டி, பாய விரிச்சு, ஒலையும் வச்சுட்டு ஒக்காந்திருந்தேன். ஒருத்தரையும் காணல. பத்து மணிக்கு ரோட்டுப் பக்கமா ஒங்க பாட்டுச் சத்தம் கேட்டுச்சு.”

இடம் மாறுவதைக் கணவர் யாகப்பர் சொல்லியிருப்பார் என்று மேபல் இருந்துவிட்டாள். அவள் சொல்லியிருப்பாள் என்று அவர் இருந்திருப்பார். அதன்பிறகு எத்தனை நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்திருக்கிறாள்! ஒரு தடவைகூட இந்தப் பெண் வாய் திறக்கவில்லை. கல்லில் பெயரை விட்டவர்கள் மேல் கோபப்பட்டோமே, விட்டுவிட்டுப் போனது நானல்லவா என்று நினைத்தபோது அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள்.

“என்னய மன்னிச்சிருங்கக்கா. நீங்க அங்க வர வேணாம். நாளைக்குக் காலையில திறப்புக்கு முந்தி நாங்க இங்க வாறோம்.”

வெளியே வந்ததும் சபையாருக்குச் சொல்ல றொமேஷ் ஃபோனை எடுத்தான். இதற்கு முன் அம்மா அழுது அவன் பார்த்தது அப்பாவின் அடக்கத்தன்றுதான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்னறை நிரம்பிவிட்டது. மிச்சச் சனம் படியிலும் வெளியே குறுகிய ஒழுங்கையிலும் நின்றது. பாட்டு தொடங்கும்போது சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த பாலம்மா திகைத்துப்போனாள். கண் கலங்க, குரலை மட்டும் உயர்த்தினாள்.

“இத்தன பேரு வாறீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”